சும்மா விளையாட்டிலும் போட்டியிலும் கோல்ஃப் விதிகள்: மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவிலும் திகன ராஜவெல்லவிலும் மட்டை பிடிப்பவர்களும் பை தூக்கும் கெடிமாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப் புத்தகத்தின்படி எழுதப்பட்டவை. 2019இல் நிறைய விதிகள் மாறின. பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்த சில விடயங்கள் இன்று செல்லுபடியாகாமல் போனதற்கு அதுதான் காரணம்.

சும்மா நாலு பேர் சேர்ந்து விளையாடும்போதும் ரூல்ஸ் எல்லாம் பார்க்கணுமா?

கட்டாயம் இல்லை. போட்டியும் இல்லை, ஹேண்டிகெப்புக்கு (ஆளின் திறனுக்கேற்ப ஸ்கோரில் கழிக்கப்படும் அடி எண்ணிக்கைக்கு) ஸ்கோர் கொடுக்கப்போவதும் இல்லை என்றால் உங்கள் நால்வருக்கும் பிடித்த மாதிரி விளையாடலாம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை முதல் டீ பொக்ஸிலேயே (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்திலேயே) பேசி முடித்துவிடுங்கள். நடுவில், ஒருவருடைய பந்து புதருக்குள் போன பிறகு பேசினால் அது சலுகை அல்ல, சண்டை. பந்தயம் கட்டி விளையாடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இன்னொன்று: தளர்த்தியது எந்த விதி, அதன் உண்மையான பெனல்டி (தண்டனையாக ஸ்கோரில் கூடும் அடி) என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருடம் முழுக்க பந்தைக் கையால் நகர்த்தியே பழகியவர்தான் போட்டி நாளில் தன்னை அறியாமல் அதையே செய்து பெனல்டி வாங்குகிறார்.

முதல் அடி கோணலா போயிட்டா இன்னொண்ணு அடிக்கலாம்தானே? எல்லாரும் அடிக்கிறாங்களே.

அதை மலிகன் என்பார்கள். விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது. நண்பர்களுக்குள் ‘முதல் ஹோலில் ஆளுக்கு ஒன்று’ என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. போட்டியில் டீயிலிருந்து இரண்டாவது பந்தை அடித்தால், அது ப்ரொவிஷனல் (முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று அடிக்கும் தற்காலிகப் பந்து) என்று அறிவிக்காத பட்சத்தில், அந்தப் பந்துதான் ஆட்டப் பந்து. முதல் பந்து ஃபெயார்வே (குட்டையாகப் புல் வெட்டிய நடுப்பாதை) நடுவில் கிடந்தாலும் அது உங்களுடையது அல்ல. நீங்கள் அடித்தது மூன்றாவது அடி என்றே கணக்கு.

குழிக்குப் பக்கத்துல இருந்தா “எடுத்துடு”ன்னு சொல்றாங்க. எப்ப எடுக்கலாம்?

மாட்ச் ப்ளேயில் (ஹோலுக்கு ஹோல் எதிராளியை வெல்லும் ஆட்டத்தில்) எதிராளி விட்டுக்கொடுத்தால் எடுக்கலாம். அதை எதிராளிதான் சொல்ல வேண்டும். அவருடைய கெடி சொன்னால் செல்லாது. ஒரு தடவை விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது.

ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளைக் கூட்டிப் பார்க்கும் ஆட்டத்தில்) விட்டுக்கொடுப்பு என்பதே இல்லை. அரைச் சாண் தூரமானாலும் குழிக்குள் போட்டே ஆக வேண்டும். பழக்கதோஷத்தில் பந்தை எடுத்துவிட்டால் ஒரு பெனல்டியோடு அதே இடத்தில் வைத்துப் போட்டு முடிக்கலாம். போடாமலே அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதிநீக்கம். கடைசி ஹோல் என்றால் ஸ்கோர் கார்டைக் கொடுப்பதற்கு முன் திருத்திக்கொள்ள வேண்டும்.

பந்து காணாமப் போனா எவ்வளவு நேரம் தேடலாம்? அஞ்சு நிமிஷம்னு சொல்றாங்க.

அது 2018ஓடு முடிந்தது. இப்போது மூன்று நிமிடம். நீங்களோ உங்கள் கெடியோ தேட ஆரம்பித்த கணத்திலிருந்து எண்ண வேண்டும். கெடி முன்னால் போய்த் தேடத் தொடங்கிவிட்டால், நீங்கள் மெதுவாக நடந்து வரும் நேரமும் கணக்கில் சேரும். மூன்று நிமிடத்துக்குப் பிறகு கிடைத்த பந்து தொலைந்த பந்துதான். அதை அடித்தால் தவறான பந்தை அடித்ததற்கு இன்னும் இரண்டு பெனல்டி.

தொலைந்தாலும் எல்லைக்கு வெளியே போனாலும் தீர்வு ஒன்றே: ஒரு பெனல்டி, கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிப்பது. டீயிலிருந்து அடித்த பந்து தொலைந்தால் அடுத்தது மூன்றாவது அடி. அவ்வளவு தூரம் திரும்பி நடக்காமல் இருக்கத்தான் ப்ரொவிஷனல் பந்து. பைன் மரங்களுக்குள்ளோ எல்லைப் பக்கமோ போன மாதிரி சந்தேகம் வந்தாலே, முன்னால் போவதற்கு முன் அடித்துவிடுங்கள். ‘இன்னொண்ணு அடிக்கிறேன்’ என்று சொன்னால் போதாது. ‘ப்ரொவிஷனல்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள், அல்லது தற்காலிகப் பந்து அடிக்கிறேன் என்று ஐயமில்லாமல் சொல்லுங்கள். முதல் பந்து எல்லைக்குள் மூன்று நிமிடத்தில் கிடைத்துவிட்டால் அதைத்தான் விளையாட வேண்டும். இரண்டில் நல்லது எது என்று தேர்ந்தெடுக்க முடியாது.

திரும்பிப் போகாம, தொலைஞ்ச இடத்துக்குப் பக்கத்துல போட்டு இரண்டு சேர்த்துக்கலாம்னு கேள்விப்பட்டோமே?

அப்படி ஒரு உள்ளூர் விதி மாதிரி உண்டு. பந்து தொலைந்த அல்லது எல்லை தாண்டிய இடத்தை மதிப்பிட்டு, அதற்கு நேராக ஃபெயார்வே ஓரம் வரை வந்து, ஃபெயார்வேக்குள் இரண்டு மட்டை நீளம் வரைக்கும் ட்ரொப் செய்யலாம் (பந்தைக் கையிலிருந்து கீழே விடலாம்). பெனல்டி இரண்டு. ஆகவே டீயில் அடித்தது தொலைந்தால் அடுத்து அடிப்பது நான்காவது அடி.

இதைக் கமிட்டி (போட்டியை நடத்தும் குழு) ஏற்றுக்கொண்டு அறிவித்திருந்தால்தான் போட்டியில் செல்லும். இது பொதுவாக ஓய்வு ஆட்டங்களுக்காக எழுதப்பட்டது. உயர்மட்டப் போட்டிகளில் வைப்பதில்லை. நண்பர்களோடு ஆடும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள், பின்னால் வரும் குழு நின்றுகொண்டிருக்கும்போது இது பெரிய உதவி. ப்ரொவிஷனல் அடித்துவிட்டீர்கள் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

நுவரெலியாவுல டவுன் நடுவுலதானே மைதானம். ரோட்டுப் பக்கம் போய் அடிபட்டுத் திரும்பி உள்ளே வந்தா?

உள்ளே வந்து நின்றால் உள்ளேதான். பந்து ஓய்ந்து நிற்கும் இடம்தான் கணக்கு, வழியில் எங்கே போய் வந்தது என்பது அல்ல. பந்து முழுவதும் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தால் மட்டுமே அது வெளி. நீங்கள் வெளியே நின்று உள்ளே கிடக்கும் பந்தை அடிக்கலாம்.

வெள்ளைக் கட்டை இடைஞ்சலாக இருக்கிறது என்று பிடுங்கக் கூடாது. அது எல்லைப் பொருள், அதிலிருந்து இலவச விலக்கும் (பெனல்டி இல்லாமல் பந்தை நகர்த்தும் உரிமையும்) கிடையாது. பிடுங்கிவிட்டால், அடிப்பதற்கு முன் இருந்தபடியே நட்டுவிடுங்கள், பெனல்டி இல்லை. ஓடைப் பகுதியைக் காட்டும் சிவப்பு, மஞ்சள் கட்டைகள் வேறு. அவற்றை எடுத்து வைத்துவிட்டு அடிக்கலாம்.

ஓடையில விழுந்துட்டா என்ன செய்யணும்? சரிவுல ட்ரொப் பண்ணினா பந்து உருண்டு போயிட்டே இருக்கே.

முதலில் கட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால், ஒரு பெனல்டியோடு இரண்டு வழி: பழைய இடத்துக்குத் திரும்பலாம், அல்லது பந்து கடைசியாக எல்லை கடந்த புள்ளியையும் குழியையும் சேர்க்கும் கோட்டில், ஓடைக்குப் பின்னால் எவ்வளவு தூரமும் போய் ட்ரொப் செய்யலாம். சிவப்பு என்றால் மூன்றாவது வழியும் உண்டு: பந்து எல்லை கடந்த புள்ளியிலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல். இரண்டு நிறத்திலும் பெனல்டி இல்லாமல் கிடக்கிறபடியே அடிக்கலாம். தண்ணீரையோ தரையையோ மட்டையால் தொடலாம், சருகை அகற்றலாம்.

மலைநாட்டில் பெரிய தலைவலி சரிவு. முழங்கால் உயரத்திலிருந்து பந்தை நேராக விட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள முழங்கால் உயரம், குனிந்தபோது உள்ளது அல்ல. அது விலக்குப் பரப்புக்குள் (ட்ரொப் செய்ய விதி அனுமதிக்கும் இடத்துக்குள்) விழுந்து அதற்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே உருண்டால் இரண்டாம் முறை விடுங்கள். மறுபடி உருண்டால், இரண்டாம் முறை பந்து முதலில் தரையைத் தொட்ட இடத்தில் கையால் வையுங்கள். அங்கேயும் நிற்கவில்லையா, அதே இடத்தில் இன்னொரு தடவை வையுங்கள். அப்புறமும் நிற்காவிட்டால், குழிக்கு அருகே போகாமல், நிற்கக்கூடிய மிக அண்மையான இடத்தில். இந்த வரிசை மனப்பாடமாக இருந்தால் சரிவில் வாக்குவாதம் வராது.

ட்ரொப் செய்த பந்து நின்றுவிட்டு, பிறகு தானாக உருண்டு ஓடைக்குள் போய்விட்டால்? 2023இலிருந்து பெனல்டி இல்லாமல் திரும்ப எடுத்து, நின்ற இடத்திலேயே வைக்க வேண்டும். ஆனால் அதே பொது நிலத்துக்குள்ளேயே (ஓடை, மணல்குழி போன்றவை அல்லாத மைதானப் பகுதிக்குள்ளேயே) உருண்டு நின்றால், நின்ற புதிய இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும்.

பழைய பழக்கத்தில் தோளிலிருந்து விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிப்பதற்கு முன் தெரிந்தால் திருத்தி மறுபடி விடலாம், பெனல்டி இல்லை. அப்படியே அடித்துவிட்டால் பந்து சரியான பரப்புக்குள் நின்றிருந்தாலும் ஒரு பெனல்டி.

மழை நாள்ல ஃபெயார்வேயில பந்தை எடுத்துத் துடைச்சு வைக்கலாமா?

கமிட்டி அன்று ‘எடுத்து, துடைத்து, வைக்கலாம்’ என்று அறிவித்திருந்தால் மட்டும். அந்த அறிவிப்பு ஃபெயார்வே உயரத்துக்கோ அதைவிடக் குட்டையாகவோ புல் வெட்டிய பகுதிக்குத்தான்; ரஃபில் (ஃபெயார்வேக்கு வெளியே உள்ள நீண்ட புல்லில்) கிடக்கும் பந்துக்கு அல்ல. எவ்வளவு தூரத்துக்குள் வைக்கலாம் என்பதும் அறிவிப்பிலேயே இருக்கும்: ஆறு அங்குலமா, ஒரு மட்டை நீளமா என்று பாருங்கள். நுவரெலியா மழைக்குப் பழகியவர்கள் இதை எப்போதும் உள்ள உரிமை போல நினைத்துக்கொள்கிறார்கள். அறிவிப்பு இல்லாத நாளில் அப்படி நகர்த்தி அடித்தால், ஒவ்வொரு தடவையும் தவறான இடத்திலிருந்து அடித்ததற்கு இரண்டு பெனல்டி.

மழை நாளில் அறிவிப்பு இல்லாமலே கிடைக்கும் இலவச விலக்குகள் இரண்டு. நீங்கள் நிற்கும் முன்போ நின்ற பின்போ காலடியில் நீர் தேங்கித் தெரிந்தால் அது தற்காலிக நீர். நிலம் வெறுமனே நொசநொசவென்று இருந்தால் போதாது, நீர் மேலே தெரிய வேண்டும். இரண்டாவது, பந்து தான் விழுந்து உண்டாக்கிய பள்ளத்திலேயே தரைக்குள் புதைந்திருப்பது. பங்கரையும் (மணல்குழியையும்) ஓடைப் பகுதியையும் தவிர மற்ற இடங்களில் எடுத்துத் துடைத்து, பின்னால் ஒரு மட்டை நீளத்துக்குள் ட்ரொப் செய்யலாம்.

ஜனவரி காலையில புல்லெல்லாம் பனி. தட்டிவிட்டுட்டு அடிக்கலாமா?

டீ பொக்ஸில் மட்டும் முடியும். பனித்துளியும் உறைபனியும் சருகு, சுள்ளி போன்ற தளர்ந்த பொருட்கள் அல்ல. ஃபெயார்வேயில் பந்துக்குப் பின்னால் உள்ள பனியை வேண்டுமென்றே காலால் தட்டினாலோ, க்ரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில்) உருட்டும் வழியில் துண்டால் துடைத்தாலோ, ஸ்ட்ரோக் ப்ளேயில் இரண்டு பெனல்டி, மாட்ச் ப்ளேயில் அந்த ஹோல் போச்சு. சைப்ரஸ் சருகு, பைன் காய், மண்புழு, அது தள்ளிய மண் எல்லாவற்றையும் எங்கேயும் அகற்றலாம், பங்கருக்குள்ளும். அகற்றும்போது பந்து நகர்ந்தால் ஒரு பெனல்டி, திரும்ப வைக்க வேண்டும். க்ரீனில் அப்படி நகர்ந்தால் மட்டும் பெனல்டி இல்லை.

கெடி என்னென்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடி செய்யும் தப்புக்கு ஆட்டக்காரர்தான் பெனல்டி வாங்குவார். செய்யக்கூடியவை நிறைய: பை தூக்கலாம், பந்தைத் தேடலாம், எந்த மட்டை, எந்தப் பக்கம் உருளும் என்று ஆலோசனை சொல்லலாம், பங்கரை வாரி சமப்படுத்தலாம், கொடியைப் பிடிக்கலாம். 2019இலிருந்து க்ரீனில் தன் ஆட்டக்காரரின் பந்தை, தனியாக அனுமதி கேட்காமலே, அடையாளம் வைத்து எடுக்கலாம். அடையாளம் வைக்காமல் எடுத்தால் ஒரு பெனல்டி. க்ரீனுக்கு வெளியே ஆட்டக்காரர் சொல்லாமல் பந்தைத் தொடவே கூடாது. விலக்கு எடுக்கும்போது பந்தை ட்ரொப் செய்ய வேண்டியவர் ஆட்டக்காரர் மட்டுமே. ‘அண்ணே, நீங்களே போட்டுடுங்க’ என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஆட்டக்காரர் நிற்கத் தொடங்கியதிலிருந்து அடித்து முடியும்வரை, பந்துக்குப் பின்னால் குறிக்கோட்டின் நீட்சியில் கெடி நின்று திசை சரிபார்க்கக் கூடாது. அப்படி நின்றுவிட்டால், ஆட்டக்காரர் முழுவதும் விலகி, கெடி நகர்ந்த பின் மறுபடி நின்று அடித்தால் பெனல்டி இல்லை.

இரண்டு பேருக்கு ஒரு கெடி என்றால் அவர் இருவருக்கும் ஆலோசனை சொல்லலாம். ஆனால் நீங்கள் பக்கத்து ஆட்டக்காரரிடம் ‘என்ன மட்டை எடுத்தீங்க?’ என்று கேட்டால் இரண்டு பெனல்டி. மாட்ச் ப்ளேயில் ஹோல் போகும். ‘இங்கேயிருந்து கொடிக்கு எத்தனை யார் தூரம்?’ என்று கேட்கலாம், தூரம் எல்லாருக்கும் பொதுவான தகவல். வாடகைப் பை ஒன்றை இருவர் பகிர்ந்து ஆடும் பழக்கம் போட்டியில் நடக்காது. ஆளுக்கு அதிகபட்சம் 14 மட்டை. அதைத் தாண்டினாலும், அன்று மைதானத்தில் இன்னொருவர் பயன்படுத்தும் மட்டையால் அடித்தாலும் தப்பு நடந்த ஹோலுக்கு இரண்டு பெனல்டி, சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு.

ஆட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காலால் தள்ளிய பந்தைப் பார்த்தும் பார்க்காதது போல் இருக்கச் சொல்லி கெடியை நெருக்காதீர்கள். நாளைக்கும் அதே மைதானத்தில் அவர் வேலைக்கு வர வேண்டும். அவருடைய நேர்மைதான் அவருடைய பெயர், அந்தப் பெயர்தான் அவருடைய வருமானம்.

ரேஞ்ச்ஃபைண்டர்ல ஏற்ற இறக்கத்தையும் காட்டுது. போட்டியில பாவிக்கலாமா?

தூரம் அளக்கலாம், கமிட்டி தடுக்காதவரை. ஏற்ற இறக்கத்தை அளக்கக் கூடாது. முதல் தடவைக்கு இரண்டு பெனல்டி, இரண்டாவது தடவைக்குத் தகுதிநீக்கம். அந்த வசதியை அணைத்து வைத்திருந்தால் அதே கருவியைப் பாவிக்கலாம்.

மலைநாட்டில் இந்த ஆசை வருவது இயல்புதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, ஆகவே பந்து கொழும்பை விடக் கிட்டத்தட்ட 6, 7 சதவீதம் அதிகம் பறக்கும். அங்கே 150 யார் தூரம் போகும் மட்டை இங்கே 160 போகும். விக்டோரியா நீர்த்தேக்க ஓரத்து ராஜவெல்ல மைதானம் மிகத் தாழ்வில் இருப்பதால் அங்கே இந்த வித்தியாசம் கொஞ்சம்தான். பயிற்சி நாளில் ஏற்ற இறக்கத்தை அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவது அனுமதிக்கப்பட்டது.

நாய் பந்தைக் கவ்விக்கிட்டு ஓடிட்டா?

நின்றிருந்த பந்து என்றால் பெனல்டி இல்லை. இருந்த இடத்தை மதிப்பிட்டு அங்கே ஒரு பந்தை வையுங்கள். காகம் தூக்கினாலும் அப்படியே. ஆனால் நாய்தான் எடுத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது கிட்டத்தட்ட உறுதியாக இருக்க வேண்டும். ‘நாய் எடுத்திருக்கும்’ என்ற ஊகம் மட்டும் இருந்தால் அது தொலைந்த பந்து.

இடி மின்னல் வந்தா கமிட்டி சொல்றவரைக்கும் ஆடணுமா?

இல்லை. மின்னல் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நினைத்தால் நீங்களே நிறுத்தலாம். கூடிய விரைவில் கமிட்டிக்கு அறிவித்தால் போதும். வெறும் மழைக்கு இப்படி நிறுத்த முடியாது. நீண்ட ஒற்றைச் சைரன் ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும், அடிக்கப்போன ஓர் அடியும் கூடாது. ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் இடிமழை சட்டென்று கட்டும். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மட்டைப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குப் போங்கள்.

சும்மா விளையாடின ஸ்கோரை ஹேண்டிகெப்புக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அந்தச் சுற்று விதிப்படி ஆடியதாக இருக்க வேண்டும். மலிகன் அடித்த சுற்று, பந்தை நகர்த்தி ஆடிய சுற்று எதுவும் ஆகாது. மாட்ச் ப்ளேயில் விட்டுக்கொடுத்துப் பந்தை எடுத்த ஹோலுக்கு, பெரும்பாலும் எத்தனையில் முடித்திருப்பீர்களோ அந்த எண்ணை எழுதலாம். உலக ஹேண்டிகெப் முறையில் கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8இன் சராசரி எடுக்கப்படுவதால், தளர்த்தி ஆடிய ஒரு நல்ல ஸ்கோர் நீண்டகாலம் உங்களைத் துரத்தும்: ஹேண்டிகெப் பொய்யாகக் குறைந்து, போட்டியில் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள்.

விதியையும் விட வேண்டாம், நேரமும் போகக் கூடாது என்பவர்களுக்கு ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற புள்ளிமுறை ஆட்டம் சிறந்த வழி. ஹேண்டிகெப் கழித்து, பாருக்கு (அந்த ஹோலுக்கு விதித்த அடி எண்ணிக்கைக்கு) இரண்டு புள்ளி, ஒன்று கூடினால் ஒரு புள்ளி, அதற்கு மேல் பூச்சியம். புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

போட்டி நடுவுல ரூல் தெரியல, கேட்கவும் ஆள் இல்ல. என்ன செய்றது?

ஸ்ட்ரோக் ப்ளேயில் இரண்டு பந்து ஆடி முடிக்கலாம். அடுத்த அடிக்கு முன்பே, இரண்டு பந்து ஆடப்போகிறேன், விதி இடம் கொடுத்தால் இந்தப் பந்துதான் கணக்கு என்று மார்க்கரிடம் (உங்கள் ஸ்கோரை எழுதுபவரிடம்) சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே ஸ்கோர் வந்தாலும் கார்டைக் கொடுப்பதற்கு முன் கமிட்டியிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் தகுதிநீக்கம்.

மாட்ச் ப்ளேயில் இரண்டு பந்து கிடையாது. எதிராளியோடு பேசி ஒத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால், நடந்ததைச் சொல்லி, தீர்ப்புக் கேட்கப்போகிறேன் என்று அடுத்த டீயில் இருவரில் யாரும் அடிப்பதற்கு முன் அறிவித்துவிட்டுத் தொடர்ந்து ஆட வேண்டும்.

ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு ரூலை விட்டுடலாம்தானே, யாருக்கு நட்டம்?

போட்டியில் முடியாது. விதி தெரிந்தே அதைப் பொருட்படுத்துவதில்லை என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் தகுதிநீக்கம். நட்டம் உங்களுக்குப் பின்னால் விதிப்படி நடந்து வரும் மற்ற எல்லோருக்கும். மாட்ச் ப்ளேயில் எதிராளியின் தப்பை நீங்கள் தனியாகப் பார்த்து, பேசாமல் விட்டுவிடுவது அனுமதிக்கப்பட்டது. அவரிடம் ‘நான் விட்டுடுறேன், நீயும் விட்டுடு’ என்று சொன்ன உடனே அது ஒப்பந்தம் ஆகிவிடும்.

கார்டு கொடுத்து, பரிசும் கொடுத்த பிறகு ஒரு பெனல்டி விட்டுப்போனது தெரிஞ்சா?

அந்தப் பெனல்டி இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால், முடிவு அறிவித்துப் போட்டி மூடிய பிறகு எதுவும் மாறாது. மூடுவதற்கு முன் தெரியவந்தால் கமிட்டி அந்தப் பெனல்டியை மட்டும் சேர்க்கும், தகுதிநீக்கம் இல்லை. தெரிந்தே மறைத்திருந்தாலோ, அடித்த அடிகளைக் குறைத்து எழுதியிருந்தாலோ, மேலே சொன்னது போல் பேசி வைத்து விதியை விட்டிருந்தாலோ, போட்டி மூடிய பிறகும் தகுதிநீக்கம் செய்யலாம். கூட்டி எழுதிய ஸ்கோர் அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு ஹோலின் எண்ணுக்கும் கையெழுத்துக்கும் நீங்கள் பொறுப்பு. மொத்தக் கூட்டலுக்குக் கமிட்டி பொறுப்பு. ஹேண்டிகெப்பைக் கார்டில் எழுதும் பொறுப்பும் 2023இலிருந்து ஆட்டக்காரருடையது அல்ல. ஆகவே கார்டைக் கொடுக்குமுன் மார்க்கரோடு உட்கார்ந்து ஹோல் ஹோலாக எண்களைச் சரிபாருங்கள், இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான ஹோல் இருந்தால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே கமிட்டியிடம் கேளுங்கள்.